கொழிஞ்சாம்பாறையில் இறங்கும் ரூபாய் பொள்ளாச்சியில் ஏன் சுற்றுகிறது?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையிலிருந்து, பொருளியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருந்தார்: "அரசு செலவைக் கூட்டினால் பொருளாதாரம் வளரும் என்று ஒரு பாடம் சொல்கிறது. கடன்தான் வளரும் என்று அடுத்த பாடம் சொல்கிறது. எங்கள் ஊரில் கால்வாய் வேலை நடக்கிறது, ஓய்வூதியம் வருகிறது, சாலை போடுகிறார்கள். ஆனாலும் படித்து முடித்தவர்கள் காலையில் கோயம்புத்தூர் பஸ்தான் ஏறுகிறார்கள். எந்தப் பாடத்தை நம்புவது?"

அம்மணி, விடையில் பாதி அந்தக் கோயம்புத்தூர் பஸ்ஸிலேயே இருக்கிறது. செலவழித்த பணம் எங்கே போகிறது, போன இடத்தில் எதை உண்டாக்குகிறது என்று பார்க்காமல், தொகையை மட்டும் வைத்து வளர்ச்சியைக் கணிக்க முடியாது. எல்லையில் குடியிருக்கும் நமக்கு இது தினமும் கண்ணெதிரே நடப்பது. திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் பட்ஜெட் எழுதுபவர்களுக்கு அது சமன்பாட்டின் கடைசியில் கழித்தல் குறியோடு நிற்கும் ஓர் எழுத்து (வெளியிலிருந்து வாங்கும் சரக்கைக் குறிப்பது), அவ்வளவுதான். நான் கருவூலத்தில் வேலை பார்த்தவன். கோட்பாட்டைவிடக் கணக்குப் புத்தகத்தின் பக்கமிருந்துதான் எனக்குப் பேச வரும்.

முதல் பாடத்திலிருந்து தொடங்குவோம். ஆலை இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள், வாங்கத்தான் யாருமில்லை என்று 1930களில் உலகம் தவித்தது. தனியார் தயங்கும்போது அரசு செலவழிக்கட்டும் என்றார் பிரிட்டிஷ் பொருளியலாளர் கெயின்ஸ். ஒருவர் செலவழிப்பது இன்னொருவரின் வருமானம். அவர் அதில் ஒரு பங்கைச் செலவழிக்க, அது மூன்றாமவரின் வருமானமாகும். அவரது மாணவர் ரிச்சர்ட் கான் 1931லேயே இதைக் கணக்காக எழுதிக் காட்டினார். பெருக்கி என்று உங்கள் புத்தகம் சொல்வது இதைத்தான்.

அதில் இந்த உதாரணமும் இருக்கும். மக்கள் கைக்கு வரும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 80 ரூபாயைச் செலவழித்தால், அரசு போட்ட 100 ரூபாய் 100, 80, 64 என்று சுற்றிக் கடைசியில் 500 ரூபாய் வருமானமாகும். இது உண்மையானால் நாட்டில் வறுமை எப்போதோ ஒழிந்திருக்க வேண்டும். அந்த 500 வருவதற்கு வரி இருக்கக் கூடாது, வெளிச்சரக்கு இருக்கக் கூடாது, விலையும் ஏறக் கூடாது. இவற்றில் வெளிச்சரக்கை மட்டும் நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். செலவாகும் 80 ரூபாயில் பாதி எல்லை தாண்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கொழிஞ்சாம்பாறைக்கு இது மிகவும் தாராளமான அனுமானம். அப்போது உள்ளே சுற்றுவது 100, 40, 16, 6.40. முழுவதும் கூட்டினால் 167 ரூபாய்கூட வராது. ஐந்து மடங்கு என்று தொடங்கியது ஒன்றே முக்கால் மடங்குக்கும் கீழே வந்துவிட்டது.

அதே 100 ரூபாயை ஓய்வூதியமாகக் கொடுத்தால் இன்னும் குறையும். அரசு ஒரு பாலம் கட்டும்போது அந்த முதல் 100 ரூபாய்க்கே ஒரு பொருள் உண்டாகிறது. ஓய்வூதியத்தில் பணம் கை மாறுகிறது, அவ்வளவுதான். வாங்கியவர் கடைக்குப் போகும்போதுதான் உற்பத்திக் கணக்கு தொடங்கும். ஆகவே 40, 16, 6.40 என்று கூட்டிக்கொண்டு போனால் 67 ரூபாய் அளவில் நின்றுவிடுகிறது. போட்டது 100, ஊருக்குள் பிறந்தது 67.

இனி நம் தெருவுக்கு வாருங்கள். கேரளத்தில் நலத்திட்ட ஓய்வூதியம் மாதம் 1,600 ரூபாயாக இருந்து, 2025 நவம்பர் முதல் 2,000 ரூபாய் ஆனது. அதை வாங்கும் பாட்டி என்ன செய்கிறார்? தக்காளி கிணத்துக்கடவிலிருந்து வருகிறது, மற்ற காய்கறி ஒட்டன்சத்திரத்திலிருந்து. முட்டை நாமக்கல்லிலிருந்து. சோற்றுக்கு ஜெயா அரிசி என்றால் அது ஆந்திரத்துச் சரக்கு. பேத்திக்குத் துணி எடுக்கப் பொள்ளாச்சி போகிறார். கல்யாணச் சேலை என்றால் கோயம்புத்தூர்தான், அதில் பேச்சே இல்லை. ஊரில் தங்குவது மளிகைக் கடைக்காரரின் லாபம், டீக்கடை, ஆட்டோ வாடகை, கோயில் தட்டில் விழுவது. பால் மட்டும் விதிவிலக்கு. சித்தூர் வட்டாரம் கேரளத்தின் பெரிய பால் பகுதிகளில் ஒன்று என்பதால் பாலுக்குக் கொடுக்கும் காசு சங்கத்தின் வழியாக இங்கேயே இன்னொரு வீட்டுக்குப் போகிறது. (நான் சொல்வது பாலக்காட்டுச் சித்தூர். ஆந்திரத்துச் சித்தூரிலும் தமிழர்கள் நிறைய இருப்பதால் சொல்லி வைக்கிறேன்.)

ஓய்வூதியம் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. வயதானவருக்குச் சோறு போடுவது வளர்ச்சி விகிதத்தைக் கூட்டுவதற்காக அல்ல. அது நியாயத்துக்காகச் செய்வது, அந்த நியாயமே அதற்குப் போதும். தமிழ்நாடு 2023 செப்டம்பரில் மகளிருக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. ஆந்திரம் 2024 ஜூலையில் முதியோர் ஓய்வூதியத்தை 4,000 ரூபாயாக்கியது. இவற்றுக்கெல்லாம் ஆதரவாக நல்ல வாதங்கள் இருக்கின்றன. ஆனால் பொருளாதாரத்தை வளர்க்கத்தான் கொடுக்கிறோம் என்று யாராவது மேடையில் சொன்னால், அந்த 67 ரூபாய்க் கணக்கை எடுத்து நீட்டுங்கள்.

இப்படிப் பணம் வெளியேறும் கசிவு எல்லையில் ஒரு பக்கமாக மட்டும் ஓடுவதில்லை. தமிழ்நாடு 2003ல் லாட்டரியைத் தடை செய்தது. கேரளமோ 1967லிருந்து அரசே லாட்டரி நடத்துகிறது. வாளையாற்றிலும் கோபாலபுரத்திலும் வேலந்தாவளத்திலும் லாட்டரிக் கடைகளுக்கு முன்னால் நிற்கும் வண்டிகளின் பதிவெண்ணைப் பாருங்கள். தமிழகத்துக் கூலிக்காரரின் பணம் கேரளக் கருவூலத்துக்கு நடந்தே வருகிறது. பெட்ரோலில் கதை தலைகீழ். கேரளம் 2023 ஏப்ரலில் ஓய்வூதிய நிதிக்காக லிட்டருக்கு 2 ரூபாய் கூடுதல் வரி போட்டது. எல்லையில் இருப்பவர் வண்டியை அந்தப் பக்கத்து பங்க்கில் நிறுத்தினார். உயர்த்திய 2 ரூபாயும் வரவில்லை, பழைய வரியும் போயிற்று. செலவு மட்டுமல்ல, செலவுக்காகப் போடும் வரியும் எல்லையில் வழிந்துவிடும்.

ஜிஎஸ்டியில் இது இன்னும் நுட்பமானது. பொருள் நுகரப்படும் மாநிலத்துக்கே மாநிலப் பங்கு என்பது விதி. கோயம்புத்தூர் மொத்த வியாபாரி சித்தூர்க் கடைக்காரருக்குச் சரக்கு அனுப்பினால் கேரளத்துக்குப் பங்கு உண்டு. நீங்களே பஸ் ஏறிப் போய், முகவரி சொல்லாமல் பில் போட்டுப் பையில் வாங்கி வந்தால், அந்த வரி தமிழ்நாட்டுக்குத்தான். பாட்டியின் ஓய்வூதியத்தைக் கொடுத்தது ஒரு மாநிலம், அதன் மேல் வரி எடுத்தது இன்னொரு மாநிலம்.

இதில் பொதிந்துள்ள பாடம் ஒன்றைத் தேர்வில் எழுதுங்கள். கொழிஞ்சாம்பாறைக்குப் பொள்ளாச்சி வெளியூர், இந்தியாவுக்கு அல்ல. இங்கே கசிந்த பணம் அங்கே ஒருவருக்கு வருமானம் ஆகிறது, நாட்டுக் கணக்கில் அது தொலைவதில்லை. ஆகவே ஒரே 100 ரூபாய்க்கு ஒன்றிய அரசின் பெருக்கி பெரிது, மாநிலத்தின் பெருக்கி சிறிது, ஊராட்சியின் பெருக்கி அதனினும் சிறிது. மந்த காலத்தில் பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்தும் வேலையை மாநிலங்களின் தலையில் கட்டுவது சரியல்ல என்பதற்கு இதுவே முதல் காரணம். இரண்டாவது காரணமும் இருக்கிறது. மாநிலம் நினைத்தபடி கடன் வாங்க முடியாது. ஒன்றிய அரசுக்குக் கடன் பாக்கி வைத்திருக்கும் மாநிலம் புதிதாகக் கடன் வாங்க அதன் சம்மதம் வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 293(3). அந்த அதிகாரத்தை வைத்து ஒன்றிய அரசு போட்ட கடன் வரம்பை எதிர்த்துக் கேரளம் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் போயிற்று. நீதிமன்றம் 2024 ஏப்ரல் 1 அன்று இடைக்கால நிவாரணம் மறுத்து, வழக்கை ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பியது.

நாட்டளவில் உண்மையான எண் எவ்வளவு? தேசியப் பொது நிதி மற்றும் கொள்கை நிறுவனத்தின் சுகன்யா போஸ், பானுமூர்த்தி இருவரும் 2013ல் வெளியிட்ட மதிப்பீடு பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. மூலதனச் செலவின் (சாலை, கட்டடம் போன்ற சொத்தை உண்டாக்கும் செலவு) பெருக்கி 2.45. மானியம், உதவித்தொகை போன்ற பணமாற்றத்துக்கு 0.98. மற்ற வருவாய்ச் செலவுக்கு (சம்பளம் போன்ற அன்றாடச் செலவு) 0.99. கொரோனாவுக்குப் பிறகு ஒன்றிய அரசு இந்தப் பாதையில்தான் போனது. 2019-20ல் 3.4 லட்சம் கோடி ரூபாய் அளவில் இருந்த அதன் மூலதனச் செலவு 2023-24ல் 9.5 லட்சம் கோடியை ஒட்டி வந்தது. அரசு சாலையும் ரயில் பாதையும் போட்டால் தனியார் ஆலை தானாகப் பின்னால் வரும் என்று எதிர்பார்த்தார்கள். அந்தப் பாதி மெதுவாகத்தான் வருகிறது. விற்பனை உறுதி என்று தெரியாமல் எந்த முதலாளியும் சாலையைப் பார்த்து ஆலை கட்டுவதில்லை.

இங்கே நீங்கள் ஒரு குறுக்குக் கேள்வி கேட்கலாம். சாலைச் செலவும் கசியத்தானே செய்கிறது? ஆம். சிமெண்டில் ஒரு பங்கு வாளையாற்று மலபார் சிமெண்ட்ஸிலிருந்து வந்தாலும் கேரளத்தின் தேவைக்கு அது சிறு துளி. மீதி வெளியிலிருந்துதான். இரும்புக் கம்பியும் வெளியிலிருந்துதான். வேலை செய்பவர் வங்காளத்திலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவர், கூலியில் பெரும்பகுதியை வீட்டுக்கு அனுப்புகிறார். செலவாகிற அன்றைக்குச் சாலைக்கும் ஓய்வூதியத்துக்கும் உள்ளூரில் நீங்கள் நினைக்கும் அளவு வேறுபாடு தெரியாது. வேறுபாடு பின்னால்தான் வருகிறது. அதைக் காட்ட நம் தாலுகாவைவிட நல்ல இடம் கிடைக்காது.

கேரளம் என்றாலே மழை என்று நினைப்பவர்களை ஏப்ரல் மாதத்தில் எருத்தேம்பதிக்குக் கூட்டி வர வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வரும், மழை வராது. இந்தக் கிழக்குப் பகுதியில் விவசாயம் நிற்பதற்குக் காரணமான தண்ணீரில் பெரும்பங்கு பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்துடையது. காமராசர் ஆட்சியில் தொடங்கிய திட்டம். பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் ஆகிய அணைகள் இருப்பது கேரள மண்ணில். பணம் போட்டுக் கட்டியதும் இன்றுவரை இயக்குவதும் தமிழ்நாடு. 1970 மே 29ல் கையெழுத்தாகி, 1958 நவம்பர் முதலே நடப்புக்கு வந்ததாகக் கொள்ளப்பட்ட ஒப்பந்தத்தின்படி, ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் மணக்கடவு அணைக்கட்டில் நமக்குத் தரப்பட வேண்டும். சித்தூர்ப்புழை ஆயக்கட்டுக்கு அதுதான் ஆதாரம். அந்தப் பக்கம் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் வரை தென்னையும் மக்காச்சோளமும் கோழிப்பண்ணையும் வந்ததற்குப் பின்னால் அதே தண்ணீர்.

திட்டம் கட்டிய ஆண்டுகளில் கூலியாகவும் சிமெண்டாகவும் செலவான பணத்தின் பெருக்கி எவ்வளவு என்று இன்று யாரும் கேட்பதில்லை. அது எப்போதோ கரைந்துவிட்டது. தண்ணீர் வந்ததால் ஒரு ஏக்கர் நிலம் எவ்வளவு விளைகிறது என்பதுதான் மாறியது, அந்த மாற்றம் அறுபது ஆண்டுகளாக ஒவ்வோர் ஆண்டும் திரும்ப வருகிறது. தேவையைக் கூட்டும் செலவு ஒருமுறை உதவுகிறது. உற்பத்தித் திறனைக் கூட்டும் செலவு அந்தச் சொத்து உயிரோடு இருக்கும் வரை உதவுகிறது. உங்கள் இரண்டு பாடங்களும் சண்டை போடுவது இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டதால்தான்.

மலம்புழையும் இப்படித்தான். பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தபோது, 1949ல் சென்னை அரசு வேலையைத் தொடங்கியது. 1955 அக்டோபரில் காமராசர் திறந்து வைத்தார். அடுத்த ஆண்டு நவம்பர் 1ல் பாலக்காடு கேரளத்துக்குப் போயிற்று. சென்னையின் கணக்கில் செலவு, கேரளத்தின் கணக்கில் நெல். மாநில எல்லையைத் தாண்டும் பலன்களை எந்த மாநிலமும் தன் கணக்கில் எழுதுவதில்லை. அதனால்தான் இப்படிப்பட்ட வேலைகளில் தேவைக்குக் குறைவாகவே பணம் போடப்படுகிறது. இரண்டு மாநிலத்துக்கும் பயன் தரும் எல்லைச் சாலை மட்டும் ஏன் குண்டும் குழியுமாகக் கிடக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? இரு பக்கத்துப் பொறியாளர்களுக்கும் அது கடைசிக் கிலோமீட்டர்.

இந்த இடத்தில் கணக்குத் தலைப்புகளை நம்பி ஏமாறாதீர்கள். அரசுக் கணக்கில் பள்ளிக்கூடக் கட்டடம் மூலதனச் செலவு, உள்ளே பாடம் எடுக்கும் ஆசிரியரின் சம்பளம் வருவாய்ச் செலவு. பூட்டிக் கிடக்கும் கட்டடம் முதலீடாகவும், ஆசிரியர் வீண் செலவாகவும் தெரியும் விசித்திரம் இது. கேரளம் பல பத்தாண்டுகள் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் செலவழித்தும் 1980களின் பின்பகுதி வரை அதன் வளர்ச்சி மந்தமாகவே இருந்தது. மனிதவளத்துக்குப் போட்ட பணம் பலன் தரவில்லை என்று அன்றைக்கு எழுதியவர்கள் உண்டு. பலன் வந்தது, வந்த வழி வேறு. படித்த பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போனார்கள், பணம் அனுப்பினார்கள், அதன் பிறகு மாநிலம் வேகமாகவே வளர்ந்தது. 1947லிருந்து நடக்கும் சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறை இருக்கிறது. அங்கே படித்து வெளியே போனவர்களின் சம்பளத்தை யாராவது கூட்டிப் பார்த்தால் அந்த 'வருவாய்ச் செலவு' என்ன ஆயிற்று என்று தெரியும். கோயம்புத்தூர் பஸ்ஸிலும் ஏறுவது இந்த முதலீடுதான். சம்பாதிப்பது அங்கே, மாதக் கடைசியில் ஒரு பகுதி வீட்டுக்கு வருகிறது. அரசின் செலவு இங்கே, ஆலையின் லாபம் அங்கே.

மந்த காலத்துக்கும் மற்ற காலத்துக்கும் உள்ள வேறுபாடு இன்னொன்று. சும்மா இருக்கும் ஆளுக்கு வேலை கொடுத்தால் உற்பத்தி கூடும். ஏற்கெனவே வேலையில் இருப்பவரை இழுத்தால் கூலிதான் கூடும். ரிசர்வ் வங்கியின் தொகுப்பில் 2022-23ல் கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளியின் நாள் கூலி கேரளத்தில் சுமார் 852 ரூபாய், தமிழ்நாட்டில் சுமார் 501 ரூபாய். ஆள் கிடைக்காத இடத்தில் ஒரே ஆண்டில் பத்து டெண்டர் விட்டால் பத்துச் சாலையும் வராது. விலை ஏறிய ஆறு சாலை வரும்.

நூறு நாள் வேலைத் திட்டத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 2024-25ல் அதன் நாள் கூலி கேரளத்தில் 346 ரூபாய், தமிழ்நாட்டில் 319, ஆந்திரத்தில் 300. வெளியே 800 ரூபாய் கிடைத்த இடத்தில் 346க்கு வந்தவர்கள் யார்? வெளி வேலைக்குப் போக முடியாத நடுவயதைக் கடந்த பெண்கள்தான். இங்கே அது கூலிச் சந்தையை அதிகம் அசைக்கவில்லை. ஆந்திரத்தில் கதை வேறு. 2010 தொடங்கி அந்தக் கூலியை ஸ்மார்ட் கார்டு மூலம் கொடுக்கும் முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். எந்த மண்டலத்துக்கு (மாவட்டத்துக்குக் கீழே வரும் நிர்வாகப் பிரிவு) முதலில் என்பதைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்ததால் சுத்தமான ஒப்பீடு கிடைத்தது. கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் மூவரும் 157 மண்டலங்களில், ஏறக்குறைய 1.9 கோடிப் பேர் வாழும் பரப்பில் ஆராய்ந்தார்கள். அரசு போட்ட பணம் கூடவில்லை. இடையில் போய்க்கொண்டிருந்தது குறைந்தது. அணையில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்த மாதிரி. ஏழைக் குடும்பங்களின் வருமானம் பத்து சதவீதத்துக்கு மேல் உயர்ந்தது. அந்த உயர்வில் பெரும்பங்கு திட்டக் கூலி அல்ல, வெளிச் சந்தையில் கிடைத்த கூலியும் வேலையும். எனக்குத் தெரிந்த அத்தனை ஆய்வுகளிலும் நம் கேள்விக்கு மிக அருகில் வருவது இதுதான். திட்டத்துக்குப் போடும் பணத்தைக் கூட்டாமலேயே வருமானத்தை வளர்க்க முடிந்திருக்கிறது.

நேரம் என்ற ஒன்றைப் பாடப் புத்தகம் கண்டுகொள்வதில்லை, கருவூலத்தில் இருந்தவனால் அதை மறக்க முடியாது. பணம் நெருக்கினால் அரசு எதை நிறுத்தும்? சம்பளத்தை நிறுத்த முடியாது, வட்டியை நிறுத்தவே முடியாது. கேரளத்தின் வருவாயில் பாதிக்கு மேல் சம்பளம், ஓய்வூதியம், வட்டி மூன்றுக்கே போகிறது. மிச்சமிருப்பது ஒப்பந்ததாரரின் பில். அது மேசையில் கிடக்கும். வேலையை முடித்தவர் வட்டிக்கு வாங்கிக் கூலி கொடுப்பார், அடுத்த டெண்டரில் அந்த வட்டியையும் சேர்த்து விலை போடுவார். ஒரு கோடிக்குப் போட வேண்டிய சாலை ஒன்றே கால் கோடியாவது இப்படித்தான், எல்லாவற்றுக்கும் லஞ்சம்தான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். பிறகு மார்ச் வரும். ஆண்டு முழுவதும் நகராத பில்கள் கடைசி வாரத்தில் மலைபோல் குவியும். அந்த அவசரத்தில் ஊற்றிய கான்கிரீட்டின் ஆயுளை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். கேரளத்தின் மூலதனச் செலவு மாநில உற்பத்தியில் ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் அளவிலேயே நிற்பதற்குக் கொள்கை மட்டும் காரணம் அல்ல. சம்பளம், ஓய்வூதியம், வட்டி மூன்றும் சாப்பிட்ட பிறகு பானையில் இருப்பது அவ்வளவுதான்.

தாமதத்துக்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். பாலக்காட்டிலிருந்து திருச்சூர் போகும் சாலையில் குதிரானில் சுமார் ஒரு கிலோமீட்டர் சுரங்கப்பாதை. ஒப்பந்தம் போட்டுப் பத்தாண்டுக்கு மேல் கழித்து, 2021 ஜூலை 31ல் முதல் குழல் திறந்தது. அதுவரை கோயம்புத்தூரிலிருந்து கொச்சி போகும் சரக்கு அந்த மலையேற்றத்தில் ஊர்ந்தது. போட்ட பணத்துக்கு வட்டி மட்டும் தினமும் ஓடியது. இதற்கு நேர்மாறாக, வாளையாற்றில் எதையும் கட்டாமலேயே ஒரு நன்மை நடந்தது. 2017 ஜூலை 1ல் ஜிஎஸ்டி வந்து வணிகவரிச் சோதனைச் சாவடிகள் போனபோது, மணிக்கணக்கில் நின்ற லாரி வரிசை கலைந்தது. ஒரு புதிய சாலைக்கு நிகரான பலன், செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

கடன் பற்றிச் சுருக்கமாக. கடன் வாங்குவது பாவம் அல்ல. மாநில உற்பத்தி வளரும் வேகம் வட்டி விகிதத்தைவிட மேலே இருக்கும் வரை, பற்றாக்குறையும் கட்டுக்குள் இருந்தால், கடன் விகிதம் தானாகக் கட்டுப்படும். கட்டமைப்பு வேலைகளுக்குப் பணம் திரட்டும் கேரள அரசு அமைப்பான கிஃப்பி 2019ல் லண்டன் சந்தையில் மசாலா பத்திரம் (வெளிநாட்டில் ரூபாய்க் கணக்கில் விற்கும் கடன் பத்திரம்) விற்று 2,150 கோடி ரூபாய் திரட்டியது, வட்டி 9.723 சதவீதம். அந்த விலைக்கு வாங்கிய பணத்தில் பள்ளியும் பாலமும் கட்டலாம். ஆனால் அவை கட்டணம் வசூலிப்பதில்லை. அவற்றால் ஊர் வளர்ந்து வரியாகத் திரும்பி வர வேண்டும், இல்லையென்றால் பெட்ரோல் வரியிலிருந்தும் வாகன வரியிலிருந்தும்தான் அடைக்க வேண்டும். தவறினால் எங்கே போய் நிற்கும் என்று காட்ட இலங்கை இருக்கிறது. 2019 கடைசியில் வரியை வெட்டினார்கள், செலவை வெட்டவில்லை. 2022 ஏப்ரலில் கடன் தவணையை நிறுத்தினார்கள், அந்த செப்டம்பரில் விலைவாசி உயர்வு சுமார் 70 சதவீதம். மறுபக்கம் கிரீஸ். நெருக்கடியின் நடுவில் செலவை வெட்டினால் பற்றாக்குறை தீரும் என்று வெட்டினார்கள், பொருளாதாரம் ஏறக்குறைய கால் பங்கு சுருங்கியது. மந்த காலத்துப் பெருக்கியைக் குறைத்து மதிப்பிட்டோம் என்று சர்வதேச நாணய நிதியத்தின் அன்றைய தலைமைப் பொருளியலாளர் ஒலிவியே பிளான்ஷார் 2013ல் எழுத்திலேயே ஒப்புக்கொண்டார்.

கடைசியாக உங்கள் பஸ். 2024 ஆகஸ்ட் 28ல் ஒன்றிய அமைச்சரவை 12 தொழில் நகரங்களுக்கு ஒப்புதல் கொடுத்தது. அதில் ஒன்று நம் புதுச்சேரியில், 1,710 ஏக்கர், மதிப்பீடு 3,806 கோடி ரூபாய். (பாண்டிச்சேரி அல்ல, கஞ்சிக்கோட்டுக்குப் பக்கத்துப் புதுச்சேரி.) கஞ்சிக்கோடு 1970களில் தொழிற்பகுதியானதும் அரசுப் பணத்தால்தான், இன்ஸ்ட்ருமெண்டேஷன், ஐடிஐ (தொலைபேசித் தொழிற்சாலை) என்ற ஒன்றிய அரசு நிறுவனங்கள் அப்படி வந்தவை. இந்தமுறை பயன் வருமா என்பதை 3,806 என்ற எண் சொல்லாது. நிலத்தை மேம்படுத்திக் கொடுத்தபின் எத்தனை மனை காலியாகக் கிடக்கிறது, வரும் ஆலை தன் உதிரிப்பாகத்தை இங்கே வாங்குகிறதா கோயம்புத்தூரில் வாங்குகிறதா, ஆட்களை எங்கிருந்து எடுக்கிறது என்பவைதான் சொல்லும்.

கருத்தரங்கக் கட்டுரைக்கு ஒரு யோசனை. மாநிலம் முழுவதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். செலவு அதிகமான மாநிலம் வேகமாக வளர்கிறது என்று ஒரு வரைபடம் போட்டுவிடுவீர்கள், வளர்ந்த மாநிலம்தான் அதிகம் செலவழிக்கிறது என்று யாராவது, வளர வளர அரசுச் செலவும் கூடும் என்ற ஜெர்மன் பொருளியலாளர் வாக்னரைக் காட்டி மடக்குவார்கள். மூலத்தறை வலதுகரைக் கால்வாயைக் கோரையாற்றிலிருந்து வரட்டாறு வரை நீட்டும் வேலையை எடுங்கள். தண்ணீர் வந்த வார்டு ஒன்று, இன்னும் வராத வார்டு ஒன்று. கிருஷி பவனில் (வேளாண் அலுவலகம்) பயிர்ப் பரப்பும், பால் சங்கத்தில் நாள் கொள்முதலும், பதிவு அலுவலகத்தில் நில மதிப்பும் கேளுங்கள். கிணற்றின் ஆழத்தை மட்டும் ஆவணத்தில் தேடாதீர்கள், வீட்டுக்காரர்களிடமே கேளுங்கள், சரியாகச் சொல்வார்கள். தண்ணீர் வருவதற்கு மூன்று ஆண்டு முன்பிருந்து எண்களை எடுக்கத் தொடங்குங்கள். வந்த பிறகு மட்டும் எடுத்தால் மழை நன்றாகப் பெய்த ஆண்டின் பெருமையையும் கால்வாய்க்கே கொடுத்துவிடுவீர்கள்.